பொம்பர் வரும்போது கொட்டாவி விட்டவர்

“1997 யூலை, வெள்ளி. சங்கக்கடையில் மண்ணெண்ணெய். முற்பகல் பொம்பர். எல்லோரும் குழிக்குள். அவர் மட்டும் இருந்த இடத்தில் இருந்து கொட்டாவி விட்டார்.”

நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் நான் எழுதி வைத்த குறிப்பு இது. தேதி இருந்த மூலையில் எண்ணெய் ஊறிவிட்டது. ஆண்டும் மாதமும் கிழமையும்தான் மிஞ்சியிருக்கின்றன. தேதி அழிந்த குறிப்புகளை நான் வைத்திருப்பதில்லை. இதை மட்டும் எறிய மனம் வரவில்லை. கடைசிச் சொற்களின் கீழே ஒரு கோடு இழுத்திருக்கிறேன். ஒருவர் கொட்டாவி விட்டதற்குக் கோடு இழுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே, அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

அப்போது நாங்கள் மல்லாவிக்குத் தெற்கே ஒரு காட்டோரத்தில் கொட்டில் போட்டு இருந்தோம். முந்திய ஆண்டு கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள்தான் அங்கே பெரும்பாலும். நான் கூட்டுறவுச் சங்கத்தின் கிளைக்குப் பொறுப்பாக இருந்தேன். கிளை என்றால் நான்கு பக்கமும் தென்னோலைக் கிடுகு, மேலே ஒரு தறப்பாள், உள்ளே ஒரு தராசு. ஆனாலும் எல்லோரும் என்னை ‘மனேச்சர்’ என்றே அழைத்தார்கள்.

மண்ணெண்ணெய் வரும் நாளில் ஆட்கள் வெயிலில் நிற்பதில்லை. தங்கள் போத்தலை வரிசையில் வைத்துவிட்டு மரநிழலில் போய் இருப்பார்கள். போத்தல் நிற்கும் இடம்தான் ஆள் நிற்கும் இடம். போத்தல் இல்லாதவர்கள் ஒரு கல்லை வைப்பார்கள். பொம்பர், அதாவது குண்டு போடும் விமானம், வந்தால் ஆட்கள் பதுங்குகுழிக்குப் போவார்கள். போத்தல்கள் வரிசையிலேயே நிற்கும். இந்த மனிதர் மட்டும் தன் போத்தலுக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பார். அவரைப் பற்றி வந்த முதலாவது சந்தேகம் அதனால்தான்.

“பொம்பர் வந்தால் சனம் உயிரைப் பாக்கும். இவர் போத்தலைப் பாக்கிறார்,” என்றார் கனகசபை. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் குடியிருப்பில் சத்தமாகக் கதைக்கும் பொறுப்பு அவருடையது. “மனேச்சர், நாங்கள் குழிக்குள்ளை கிடக்கேக்கை இந்தாள் போத்தலை மாத்திறாரோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

பார்த்தேன். மாற்றவில்லை. முன்னுக்கோ பின்னுக்கோ ஒரு போத்தல்கூட நகரவில்லை. அது என் சந்தேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. இலாபம் ஏதும் இல்லாமல் ஒரு மனிதன் ஏன் வெட்டவெளியில் இருக்கிறான்?

அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு. சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். மலையகத்தில் தோட்டமொன்றில் பிறந்து, எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, பிறர் வயல்களில் கூலிக்கு நின்றவர். இருபது வருடம் எங்களுக்கு நடுவில் இருந்தும் பேச்சு மாறவில்லை. அவருக்குச் சிங்களம் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை யாரும் வாய்விட்டுக் குற்றமாகச் சொன்னதில்லை; ஆனால் அவரைப் பற்றிய எந்தக் கதையிலும் அது எங்கோ ஓரிடத்தில் வந்துவிடும்.

கொட்டாவியை மரியாதையாக விடுவார். புறங்கையால் வாயை மூடிக்கொள்வார். ஒன்று, பிறகு இன்னொன்று, கண்ணில் நீர் வரும்வரை. அதன் பிறகு அசையமாட்டார். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்ப்பதாகத் தெரியாது. சத்தம் ஓய்ந்து நாங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே ஏறும்போதும் அப்படியே இருப்பார். சற்று நேரம் கழித்து, நித்திரையால் எழும்பியவர்போல முகத்தைத் துடைப்பார்.

“உங்களுக்குப் பயமில்லையோ?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எனக்கென்னங்க பயம்? வர்றது வரட்டும்ங்க,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. எவரும் அவரை எதற்காகவும் மெச்சியதில்லை. ஓடாதிருப்பது ஒன்றுதான் அவருக்கென்று இருந்த பெருமை.

இரண்டாவது சந்தேகம் பாரதூரமானது. அதை முதலில் கண்டவன் நான்தான். அவர் கொட்டாவி விடத் தொடங்கியபோது வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்து முடித்துப் பையைக் கட்டும்போதுதான் இரைச்சல் கேட்டது. அடுத்த முறையும் அப்படியே நடந்தது. தற்செயல் என்று எழுதி வைத்தேன். மூன்றாவது முறை அந்தச் சொல்லை வெட்டிவிட்டேன்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் சனம் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்து, இரண்டாகப் பிரிந்தது.

ஒரு பகுதியினர் கனகசபையோடு. “ஆரோ சொல்லாமல் முதலே தெரியுமோ? சொல்லுறதுக்கு ஆரோ இருக்கினம். அவ்வளவுதான் கதை,” என்பார் அவர். மற்றப் பகுதியினர் அதே சங்கதியை வேறுவிதமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கொட்டாவி கண்டால் பொம்பர் வருகிறது. அவர் எழும்பாவிட்டால் எங்கள் பக்கம் குண்டு போடமாட்டான். வேடிக்கை என்னவென்றால், அவர் இராணுவத்துக்குக் காட்டிக்கொடுக்கிற ஆள் என்று சொன்னவர்களும் இந்தக் கணக்கை நம்பினார்கள். ‘ஆளுக்கு எல்லாம் தெரியும்’ என்று முடிவுகட்டிய பிறகு, அவர் இருந்தால் தாங்களும் இருக்கலாம் என்பது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது.

நான் ஒன்றைச் சுட்டிக்காட்டினேன். அவர் ஒருநாளும் எழும்பியதே இல்லை. ஒருநாளும் எழும்பாத ஆளை வைத்து எது நடக்கும், எது நடக்காது என்று எப்படிச் சொல்வது?

“இதுவரைக்கும் விழேல்லைத்தானே மனேச்சர்?” என்றார்கள். விழவில்லைதான்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. 1998இன் தொடக்கம், அறுவடைக்குக் கிட்ட. மாலையில் யானை வயல் ஓரத்துக்கு வந்துவிட்டது. பழைய தகரங்களை எடுத்துக்கொண்டு நாலைந்து பேர் அடிக்கத் தொடங்கினார்கள். இந்த மனிதர் கடையில் சீனி வாங்கிக்கொண்டிருந்தார். தகரச் சத்தம் கேட்டதும் சீனிப் பொட்டலம் கையிலிருந்து விழுந்தது. முகம் வெளிறியது, கறுப்பு விழி பெரிதாகியது, நெற்றியில் வியர்வை குப்பென்று வந்தது. அடுத்த கணம் ஆள் இல்லை. கிடுகைப் பிய்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததே இல்லை. இருட்டுப்பட்ட பிறகு அவருடைய மனைவி போய்க் கூட்டிவந்தாள்.

குடியிருப்பே சிரித்தது. கனகசபை மட்டும் சிரிக்கவில்லை. “பொம்பருக்குப் பயமில்லாத ஆள் தகரத்துக்கு ஓடுமோ? ஆரைப் பேய்க்காட்டுறார்?” என்றார். எனக்கும் அந்தக் கேள்வி சரியாகவே பட்டது.

அதே ஆண்டு நவம்பர். மழை. பதுங்குகுழிகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒன்றுக்குள் பாம்பு கிடப்பதாக வேறு கதை. அன்று வரிசையில் கனகசபையின் மனைவி இராசமணி நின்றா. பொம்பர் இரைந்தது. யாரும் குழியைப் பார்க்கவில்லை, இந்த மனிதரைத்தான் பார்த்தார்கள். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டு போத்தலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

“அந்தாள் இருக்குது. இந்தச் சேத்துக்குள்ளை ஆர் இறங்கிறது?” என்று இராசமணி சொன்னது எனக்குக் கேட்டது. பாதிப் பேர் இறங்கவில்லை. நான் இறங்கினேன், இடுப்பளவு தண்ணீர்.

குண்டு வயலுக்கு அப்பால் விழுந்தது. ஒரு துண்டு பறந்து வந்து இராசமணியின் கெண்டைக்காலைக் கிழித்தது. வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. உழவு இயந்திரத்தில் ஏற்றி மல்லாவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அன்றிரவே கனகசபை இயக்கப் பொடியளிடம் சொல்லிவிடப் போவதாகக் கிளம்பினார். அப்படிப் பெயர் சொல்லப்பட்டு விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் சிலரைப் பற்றி நான் எழுதி வைத்திருக்கிறேன். அவர்களில் எவரும் திரும்பி வந்ததாக என்னிடம் குறிப்பு இல்லை. இது கனகசபைக்கும் தெரியும். இந்த மனிதருக்கும் தெரிந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து, இராசமணி வரட்டும், அவாவும் இருக்கக் கதைப்போம் என்று மறித்தார்கள்.

கட்டுப் போட்ட காலோடு இராசமணி வந்ததும் கடைக்கு முன்னால் கூடினோம். அவாவுக்கு என் கதிரையைக் கொடுத்தேன். இந்த மனிதர் பாலை மரத்தடியில் நின்றார். மனைவி அவருக்குச் சற்றுப் பின்னால்.

கனகசபை தொடங்கினார். “ஏன் காணும் நீர் ஓடேல்லை?”

“எனக்குப் பயமில்லீங்க.”

“உமக்குப் பயமில்லை. விழாது எண்டு தெரியும். உம்மைப் பாத்து எங்கடை சனம் நிண்டது. அதுதானே உமக்கு வேணும்?”

“நான் யாரையும் நிக்கச் சொல்லலீங்க.”

“பொம்பர் வரமுதல் கொட்டாவி விடுறீர். ஆர் சொல்லுறது?”

“கொட்டாவி வருதுங்க. நான் என்ன பண்ண?”

“மனேச்சர், உங்களிட்டைத் தேதி எல்லாம் இருக்கு. இந்தாள் இஞ்சை வந்த பிறகுதானே உந்தப் பொம்பர் வரத் தொடங்கினது?”

அதற்கு முன்பும் வந்தது என்றேன். கூட்டம் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தது. கொட்டாவி முந்தி வருவது உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றேன். இரண்டும் நான் எழுதி வைத்திருந்தவை; ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது.

அப்போது இராசமணி வாய்திறந்தா.

“எல்லாரும் ஓடேல்லை ஓடேல்லை எண்டுறியள். நான் விழுந்தது இவருக்குப் பக்கத்திலை. எழும்பிறதுக்கு இவற்றை கையைத்தான் பிடிச்சனான். ஐஸ் மாதிரிக் கை. இழுக்கிறன், அந்தாள் அசையேல்லை. கண்ணைத் திறந்துகொண்டு செத்துப்போச்சு எண்டு நினைச்சன்.” கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்தா. “சாரத்தோடை மூத்திரம் போயிருந்தது. நான் கண்டனான். இந்தாளுக்கு ஓட ஏலேல்லை. பயத்திலை ஏலேல்லை. இதுதானோ உங்கடை உளவாளி?”

அவ்வளவில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ‘ஓம்’ என்ற ஒரு சொல் அவர் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லுக்காகவே அவர் முகத்தைப் பார்த்தோம்.

“அது மழத்தண்ணிங்க,” என்றார் அவர்.

“மழை அப்ப விட்டிட்டுது!”

“மழத்தண்ணிதாங்க. எனக்குப் பயமில்லீங்க.”

இராசமணி தலையில் கைவைத்தா. “கடவுளே, உயிரைப் பிடிச்சுத் தாறன், வேண்டாம் எண்டுதே இந்த மனிசன்!”

அவர் பின்னால் நின்ற மனைவி நிலத்தைப் பார்த்தாள். எனக்கோ சந்தேகம் கூடியது. குற்றமற்ற ஒருவன் தன்னைக் காப்பாற்றும் சாட்சியை ஏன் மறுக்கிறான்?

கனகசபை என்ன நினைத்தாரோ தெரியாது. கடைக்குப் பக்கத்தில் வெறும் எண்ணெய்த் தகரம் ஒன்று கிடந்தது. ஒரு தடியை எடுத்து அதில் ஓங்கி அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

அவர் ஓடினார். பாலை மரத்தில் தோள் இடித்தது. விழுந்து, நாலு காலில் எழும்பி, திரும்பியும் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டார். ஒரு செருப்பு மரத்தடியில் கிடந்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கடைசியாகக் கனகசபையும், கண்ணீர் வரும்வரை. தடியை எறிந்துவிட்டு, “போங்கோ, போங்கோ, எல்லாரும் வீட்டை போங்கோ. உந்த மனிசன் காட்டிக்குடுக்கிறதெண்டால் நான் கவர்ணர்,” என்றார். ஊரே பார்த்துச் சிரித்த ஒருவரைக் காட்டிக்கொடுப்பவர் என்று பொடியளிடம் சொல்ல அவருக்கே மனம் வரவில்லைப் போலும். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கூட்டத்தின் ஓரத்தில், சைக்கிளைப் பிடித்தபடி, சிரிக்காத ஒருவர் நின்றார். என் பங்கீட்டு அட்டைக்காரர் எல்லோரையும் எனக்கு முகம் தெரியும். அவரைத் தெரியவில்லை.

பொழுதுபடும் நேரம் அந்த மனைவி கடைக்கு வந்தாள். ஒன்றும் வாங்கவில்லை.

“ஐயா, நீங்க எல்லாத்தயும் எழுதிவைக்கிறவரு. அவரு பயந்து ஓடுனாருன்னு எழுதிறாதீங்க.”

“அதை எழுதினால் அவருக்கு நல்லதுதானே?” என்றேன்.

“உளவாளின்னு வேணும்னா எழுதிக்குங்க. ஓடுனாருன்னு வேணாம். முந்தி ஒரு தரம் ஓடுனாருங்க. தகரத்தத் தட்டிக்கிட்டு எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கு ஆளுங்க அடிக்க வந்தப்போ. அவரு மட்டும் ஓடிட்டாரு. அதுக்கப்புறம் எங்க வீட்ல அந்தப் பேச்சே கெடையாது.”

“எப்ப? எந்த மாதம்?”

“மாசம் தெரியாதுங்க. தேயில கவ்வாத்து வெட்டி முடிஞ்ச நேரம்.”

அவர் மட்டும் ஓடினார் என்றால் ஓடாமல் நின்றது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் படலையைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவர்களுடைய கொட்டில் வெறுமையாக இருந்தது. பானை சட்டி இல்லை, பாய் இல்லை. தாங்களாகவே கிளம்பிப் போனார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வெட்கத்தில் போயிருப்பார் என்றா இராசமணி. ஆனால் அவருடைய சைக்கிள் கொட்டிலின் பின்புறத்தில் சாத்தியிருந்தது. உடைந்திருக்குமோ என்று பார்த்தேன். இரண்டு சில்லிலும் காற்று இருந்தது. அந்த நாளில் வன்னியில் எவர் எதை விட்டுவிட்டுப் போனாலும் ஓடுகிற சைக்கிளை விட்டுவிட்டுப் போகமாட்டார். கனகசபை என்னிடம் தானாக வந்தார். “பிள்ளையாராணை மனேச்சர், நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.” நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

2000ஆம் ஆண்டு கண் வைத்தியத்துக்காக வவுனியாவில் சில காலம் தங்கவேண்டியிருந்தது. தங்கிய வீட்டில் மருத்துவ மாணவர்களுக்கான பழைய உடலியல் நூல் ஒன்று கிடந்தது. கிடைத்ததை வாசிப்பது என் பழக்கம். நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் நரம்புத் தொகுதி ஒன்று உண்டு என்று அதில் இருந்தது. ஆபத்தில் அதன் ஒரு பகுதி இதயத்தை விரைவாக அடிக்க வைக்கும். வியர்க்கும், கண்மணி விரியும், இரத்தம் கால்களுக்குப் பாயும்: ஓடு, அல்லது அடி. இன்னொரு பகுதி இதயத்தை மெதுவாக்கும். ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வழியில்லை என்றால் சில உடல்கள் அப்படியே கட்டுண்டு போகும். கைகால் சில்லிட்டுவிடும், அசைக்க வராது, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போகும். பயத்துக்கு முன்னால் கொட்டாவி வருவதும் உண்டாம். முன்பு பெரிய ஆபத்தைக் கண்டவர்களின் காது மற்றவர்களுக்குக் கேட்காததையும் தேடிக்கொண்டேயிருக்குமாம்.

தகரம் அடித்து வருகிற மனிதரிடமிருந்து ஓடலாம். அவர் உடல் ஒருமுறை ஓடித் தப்பியிருக்கிறது. வானத்திலிருந்து வருவதற்கு எந்தப் பக்கம் ஓடுவது? எல்லாம் பொருந்தியது. இப்படி ஒரு இடுக்கும் இல்லாமல் பொருந்துவதை நான் நம்புவதில்லை. அந்த நூலை அவர் வாசித்திருக்கவில்லை. நான்தான் அவருக்கு அதை உடுத்திப் பார்க்கிறேன். ஓடாதிருந்தது பயத்தால் அல்ல, ஒருமுறை ஓடியதற்காக இனி ஓடுவதில்லை என்று அவர் வைத்திருந்த பிடிவாதத்தால் என்றும் சொல்லலாம். மழைத்தண்ணீர் என்று அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அன்று மழை எப்போது விட்டது என்று நான் குறிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றவனுக்கு அது எப்படித் தெரியும்?

பொருந்தாமல் மிஞ்சுவது கொட்டிலின் பின்புறத்தில் சாத்தியிருந்த அந்தச் சைக்கிள் ஒன்றுதான்.

நான் திரும்பி வந்த பிறகு, 2001 மார்ச்சில், புதுக்குடியிருப்பில் ரியூசன் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். முந்திய வருடம் அங்கே சந்தையடியில் பொம்பர் வந்தபோது சனம் சிதறி ஓடியதாம். தேநீர்க் கடையின் மர வாங்கிலில் ஒருவர் மட்டும் எழும்பாமல் இருந்தாராம். கழுத்துவரை சட்டை பூட்டிய வயதான ஆள், புறங்கையால் வாயை மூடிக் கொட்டாவி விட்டுக்கொண்டு. “அந்தக் கிழவனின்ரை துணிச்சலைப் பாருங்கோவன், மனேச்சர்!” என்றார்.

ஆளின் பெயர் அவருக்குத் தெரியாது. பேசிய பேச்சைக் கேட்கவில்லை. மனைவி கூட இருந்தாளா என்று கவனிக்கவில்லை.

“அவற்றை கை குளிர்ந்திருந்ததோ?” என்று கேட்டேன்.

ஆசிரியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நான் ஏன் ஆற்றையோ கையைத் தொடுறன்? நான் குழிக்குள்ளை எல்லோ கிடந்தனான்.”

தகவலைக் குறித்துக்கொண்டேன். அந்த வாங்கிலில் இருந்தவர் இவர்தானா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.